கோட்டுக்குள் நிற்காதீர்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதினால் அது முக்கால் உண்மை. மகன் சுகம், உங்கள் மகள் சுகம், தையற்கடையும் ஓடுகிறது. என் முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. உங்கள் காது எப்படி இருக்கிறது? போனில் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போன தடவை நான் மழை என்று சொன்னது உங்களுக்கு மகள் என்று கேட்டு, அரை மணி நேரம் இல்லாத ஒரு பெண்ணைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். தவிரவும் உங்களுக்குக் கேட்கும்படி நான் கத்தினால் அது முதலில் உங்கள் மகள் காதில்தான் விழும். எழுதப்போவதே அவளைப் பற்றி என்பதால் கடிதம்தான் நல்லது.

வீட்டுக்குப் புது வண்டி வந்திருக்கிறது. உங்களிடம் சொல்லியிருப்பாள். ஆனால் எவ்வளவு பெரியது என்று சொல்லியிருக்க மாட்டாள். காரா அது? நான்கு சக்கரம் வைத்த மாடி வீடு. கேட்டுக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் கண்ணாடியை மடக்கினால்தான் உள்ளே வருகிறது. அதன் மூக்கு, பானட்டோ என்னமோ சொல்கிறார்களே, அது என் தாடைக்கு வருகிறது. நான் குட்டைதான், ஒத்துக்கொள்கிறேன். தெருவில் எனக்குக் குட்டை டெய்லர் என்றுதான் பெயர். அதற்காக ஒரு வண்டி என்னை நிமிர்ந்து பார்க்க வைக்க வேண்டுமா?

ஏறிப் பார்த்தேன். படி என் இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு காலை வைத்தேன், இன்னொரு கால் தரையை விட்டு வரமாட்டேன் என்றது. கடைசியில் மகன் என்னை மூட்டை மாதிரி தூக்கி உள்ளே வைத்தான். எதிர்க்கடை மருந்துக்கடைக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி அந்த வண்டியில் ஏறுவதில்லை.

இதுவரை சொன்னது என் குறை. இனி சொல்லப்போவதுதான் விஷயம். வண்டி வந்த அன்று சாயங்காலம் நான் கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் மகள் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் இறங்கியிருந்தது. அவள் என் மகனிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது. "இதுல உக்காந்தா அத்தை தெரியவே மாட்டேங்கறாங்க." அதற்கு அவன், "பழகிடும், விடு" என்றான்.

என் முகம் கண்ணில் படாத உயரத்துக்கு ஏறி உட்கார்ந்துகொண்டு, அதைச் சந்தோஷமாகப் புருஷனிடம் சொல்கிறாள். அவனும் பழகிக்கொள்ளச் சொல்கிறான். எங்களுக்கு இருந்த சின்ன வண்டியில் மூன்று பேரும் இடித்துக்கொண்டு போவோம். பின் சீட்டில் நான் உட்கார்ந்தால் என் முழங்கால் அவள் முதுகில் முட்டும். இப்போது அந்தத் தொந்தரவு இல்லை. அந்தச் சின்ன வண்டி எங்கே என்று கேட்டால் "வித்தாச்சும்மா" என்கிறான். எப்போது விற்றாய், ஏன் விற்றாய் என்று கேட்டால் குளிக்கப் போய்விடுகிறான்.

பெரிய வண்டி வாங்கும் யோசனை யாருடையது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் மறைக்காமல் எழுதுங்கள். நமக்குள் என்ன?

இப்படிக்கு,
உங்கள் தையற்கடை சம்பந்தி

•

பிப்ரவரி 11

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இடைவேளை நேரத்தில் இதை எழுதுகிறேன். என்னைச் சுற்றி ஆறு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் சுற்றுகின்றன. எனக்கு மட்டும் நிம்மதியாக இருக்கிறது, இந்தக் காதுக்கு அந்த ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

என் மகள் உங்களை ஒதுக்கவா வண்டி வாங்கினாள்? சம்பந்தியம்மா, ஒருவரை ஒதுக்க வேண்டுமென்றால் அதற்கு இவ்வளவு பெட்ரோல் செலவு தேவையில்லை. யோசனை யாருடையது என்று எனக்குத் தெரியாது. அவள் என்னிடம் "பெரிய வண்டிம்மா, பாதுகாப்பா இருக்கும்" என்று மட்டும்தான் சொன்னாள்.

நீங்கள் மறைக்காமல் எழுதச் சொன்னதால் நானும் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போன மாதம் அவள் இங்கே வந்து இரண்டு நாள் தங்கினாள். தலை துவட்டும்போது பார்த்தேன். தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு காயம், கன்றிப்போய் நீலமாக இருந்தது. என்னடி இது என்றேன். "அலமாரில இடிச்சுக்கிட்டேன்மா" என்றாள். எந்த அலமாரி ஒரு மனுஷியைச் சரிவாக இடிக்கும்? நான் மேற்கொண்டு கேட்பதற்குள் ஜாக்கெட்டை மேலே இழுத்துக்கொண்டாள். சாப்பிடும்போது தட்டு கீழே விழுந்த சத்தத்துக்கு அப்படித் தூக்கிப்போட்டது அவளுக்கு. முன்பெல்லாம் அவள் அப்படி இல்லை.

மாப்பிள்ளை கோபக்காரரா? கல்யாணத்துக்கு முன்னால் விசாரித்தபோது எல்லோரும் அமைதியானவர் என்றுதான் சொன்னார்கள். விசாரித்துச் சொல்பவர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு இருப்பது ஒரே பெண். நீங்களும் ஒரு தாய். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

•

பிப்ரவரி 16

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குத் தைத்த இரண்டு சட்டைக்கும் கை மாற்றி வைத்துவிட்டேன். என் மகன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எத்தனையோ மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு பொறுமையாகத் திருகாணி முடுக்குகிறவன். அவன் கை ஒரு பெண்ணின் மேல் விழும் என்று நினைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? இரண்டு நாள் உங்கள் மேல் அப்படிக் கோபம்.

மூன்றாம் நாள் ஒரு பெண்ணுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். டேப்பைத் தோளிலிருந்து குறுக்கே இடுப்புக்குக் கொண்டுவந்தபோது என் கை அப்படியே நின்றது. சரிவாக, தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே. சம்பந்தியம்மா, அது அலமாரியும் இல்லை, என் மகன் கையும் இல்லை. அது வண்டியில் மாட்டுகிற பெல்ட். திடீரென்று வண்டி நின்றால் பெல்ட் அப்படித்தான் பிடித்து இழுக்கும். சின்ன வண்டி ஏன் காணாமல் போனது என்று இப்போது விளங்குகிறதா? எங்கேயோ மோதியிருக்கிறார்கள். என்னிடமும் மறைத்திருக்கிறார்கள், உங்களிடமும் மறைத்திருக்கிறார்கள். நாம் இரண்டு பேரும் ஒருவர் பிள்ளையை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க, அவர்கள் நம் இரண்டு பேருக்கும் தண்ணி காட்டியிருக்கிறார்கள்.

நீங்களே அவளிடம் கேளுங்கள். நான் கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள்.

எனக்கு இன்னும் சில விஷயங்கள் உறுத்துகின்றன. காலையில் நான்தான் கேட்டைத் திறந்துவிட்டு அவர்களை வழியனுப்புவேன், இத்தனை வருஷ வழக்கம். இப்போது உங்கள் மகள், "அத்தை, நீங்க கேட்டுக்கு வரவேணாம், நாங்களே திறந்துக்கறோம்" என்கிறாள். நான் விடவில்லை, போய் நின்றேன். உடனே ஹார்ன் அடிக்கிறாள். நான் நகரும் வரை அடிக்கிறாள், மாட்டை விரட்டுகிற மாதிரி. போன வாரம் ஒரு கோட்டு வாங்கிவந்து கொடுத்தாள். ஆரஞ்சு நிறம், ரோடு போடுகிறவர்கள் மாட்டுவார்களே அந்த நிறம். "காலைல கேட்டுக்கு வரப்போ இத போட்டுக்கங்க அத்தை." ஊருக்கெல்லாம் துணி தைக்கிறவளுக்கு இப்படி ஒரு கோட்டு! கேலி செய்கிறாளா, இல்லை என்னைப் பார்த்து மருந்துக்கடைக்காரர் சிரிக்க வேண்டும் என்று ஆசையா, தெரியவில்லை.

உயரமான வண்டியைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும் என்று என் மகனுக்கு நன்றாகத் தெரியும். அது ஏன் என்று உங்களிடம் முழுதாகச் சொன்னதில்லை. அவனுடைய அப்பா சைக்கிளில் வேலைக்குப் போகிறவர். சிக்னலில் நிற்கும்போது செயின் கழன்றுவிட்டது. இறங்கி அதை மாட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு உயரமான சரக்கு வண்டி. சிக்னல் விழுந்தது, வண்டி கிளம்பியது. அவ்வளவுதான். ஆஸ்பத்திரி நடையில் அந்த டிரைவர் என் காலில் விழாத குறையாக நின்றுகொண்டு ஒரே வார்த்தையைத்தான் சொன்னான். "தெரியலம்மா. சத்தியமா தெரியல." என் வீட்டுக்காரர் ஆறடி, சம்பந்தியம்மா. கதவு நிலையில் தலை இடிக்காமல் அவர் உள்ளே வந்ததே இல்லை. அப்படிப்பட்ட மனுஷன் கண்ணுக்கு நேரே இருந்தும் தெரியவில்லையாம். பொய்யன். குடித்திருந்தானோ, தூங்கினானோ, எவளுடனாவது போனில் பேசிக்கொண்டிருந்தானோ. ஒன்றும் நிரூபிக்க முடியவில்லை. இப்போதும் இதே ஊரில்தான் மாவு மில்லில் வேலை பார்க்கிறான். எதிரே வந்தால் நான் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். எங்கள் வீட்டில் யாரும் 'தெரியல' என்ற வார்த்தையை என் எதிரில் சொல்ல மாட்டார்கள். சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்று மகனுக்குத் தெரியும்.

பதிலை உடனே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

•

பிப்ரவரி 25

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

முதலில் மன்னிப்பு. மாப்பிள்ளையைத் தப்பாக நினைத்துவிட்டேன். அவருக்கு இது தெரிய வேண்டாம், நமக்குள் இருக்கட்டும்.

நீங்கள் சொன்னதுதான் சரி. ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது, "பெல்ட்டுதானே?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டேன். அழுதுவிட்டாள். பெரிய ரோட்டில் லாரி ஒன்று பக்கத்துத் தடத்திலிருந்து இவர்கள் மேலே வந்திருக்கிறது. இவள்தான் ஓட்டியிருக்கிறாள், மாப்பிள்ளை பக்கத்தில் இருந்திருக்கிறார். ஜன்னலைத் திரும்பிப் பார்த்தால் லாரியும் இல்லை, ஆளும் இல்லையாம். கண்ணுக்கு நேரே ஒரு சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்ததாம். இவள் பிரேக்கை மிதிக்க, சின்ன வண்டி நடுச்சுவரில் போய் நசுங்கியது. இரண்டு பேரும் பிழைத்தது பெரிய விஷயம். கதவை வெட்டித்தான் இவளை வெளியே எடுத்திருக்கிறார்கள்.

உங்களிடம் ஏன் மறைத்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்குப் பிறகு அம்மாவுக்கு ரோட்டுச் செய்தி எதுவும் தாங்காது என்று மாப்பிள்ளைதான் சொல்லியிருக்கிறார். வண்டி வாங்கும் யோசனையும் அவருடையதுதான். "எங்க வீட்டுல இனிமே யாரும் ரோட்டுல கீழ உக்காரக் கூடாது" என்றாராம். நீங்கள் என் மகள் மேல் போட்ட பழி அவள் மேல் ஒட்டாது.

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். அந்த லாரிக்காரரும் இறங்கி ஓடிவந்து அதே வார்த்தையைத்தான் சொன்னாராம்.

எனக்கு அந்த வண்டி பிடித்திருக்கிறது, சம்பந்தியம்மா. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. எது வந்து இடித்தாலும் என் பெண் மேலே உட்கார்ந்திருப்பாள். எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் கொஞ்சம் படியேறிப் பழகினால் என்ன?

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

•

மார்ச் 3

சம்பந்தியம்மாவுக்கு,

பிழைத்தார்களே, அதைப் படித்ததும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தலையைத் தொட்டேன். "என்னம்மா?" என்றான். "பஞ்சு ஒட்டியிருந்துச்சு" என்றேன்.

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி எனக்குப் பிடிக்கவில்லை. மேலே உட்கார்ந்திருக்கிறவள் பிழைப்பாள், சரி. கீழே நிற்கிறவர்களுக்கு என்ன? என் வீட்டுக்காரர் கீழே இருந்தவர். எல்லோரும் தன் பிள்ளையை மேலே ஏற்றி உட்கார வைத்தால் ரோட்டில் நடக்கிறவர்கள் எல்லாம் யார் பெற்ற பிள்ளைகள்? லாரிக்காரனும் தெரியவில்லை என்றானா? கேட்டீர்களா, எல்லோருக்கும் ஒரே பொய். ஒருவன் சொல்லிக்கொடுத்து இன்னொருவன் ஒப்பிக்கிற மாதிரி.

விபத்தை மறைத்தார்கள், புரிகிறது. ஆனால் மற்றதெல்லாம் எனக்கு இன்னும் புரியவில்லை. இந்தக் கூத்தைக் கேளுங்கள். நேற்று நான் கடையில் இருந்தபோது வாசலில் ஏதோ நடந்தது. எட்டிப் பார்த்தால் என் மகன் வண்டிக்கு முன்னால் குனிந்தபடி ஓரடி ஓரடியாகப் பின்னால் நகர்கிறான், உங்கள் மகள் உள்ளிருந்து கை காட்டுகிறாள். அப்புறம் இறங்கிவந்து, என் தையல் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு போய், தரையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஒரு கோடு போட்டாள். எழுந்து கையைத் தட்டிவிட்டு என்னிடம் சொல்கிறாள், "அத்தை, வண்டி ஸ்டார்ட் ஆகியிருந்தா இந்தக் கோட்டுக்குள்ள மட்டும் நிக்காதீங்க."

ஏன் என்று கேட்டேன். புருஷனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான், வேண்டாம் என்கிற மாதிரி. "சும்மாதான் அத்தை, ஒரு பாதுகாப்புக்கு" என்று முடித்துவிட்டாள்.

என் வீட்டு வாசலில் எனக்குக் கோடு. நான் கல்யாணமாகி வந்து நின்ற வாசல், அவரைக் கொண்டுவந்து கிடத்திய வாசல். எதுவரை நான் வரலாம், எதுவரை வரக்கூடாது என்று நேற்று வந்தவள் கோடு கிழிக்கிறாள், அதுவும் என் சாக்கட்டியால். இன்றைக்கு இது வாசலில், நாளைக்குச் சமையலறையில். அவர்கள் வேலைக்குப் போனதும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டேன். முழங்கால் வலித்தாலும் ஒரு இழை விடாமல் துடைத்தேன்.

சாயங்காலம் அவள் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. பேசட்டுமே என்று நானும் காத்திருந்தேன்.

இப்படிக்கு,
சம்பந்தி

•

மார்ச் 9

சம்பந்தியம்மாவுக்கு,

முந்தாநாளே உங்கள் மகள் அங்கே வந்து சேர்ந்திருப்பாள். அவள் தன் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் படியுங்கள்.

அன்று காலையில் வழக்கம்போல கேட்டைத் திறக்கப் போனேன். அந்த ஆரஞ்சுக் கோட்டை நான் மாட்டவில்லை, மாட்டவும் போவதில்லை. உங்கள் மகள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஹார்ன் அடித்தாள். நகரக்கூடாது என்று எனக்கும் ஒரு வீம்பு. கேட்டின் ஒரு கதவைத் திறந்துவிட்டேன். இன்னொன்றையும் திறந்தபோது அதன் கீழ்த் தாழ்ப்பாள் தரையில் சிக்கிக்கொண்டது. குனிந்து அதை இழுத்துக்கொண்டிருந்தேன். ஹார்ன் நின்றது. வண்டி உறுமுகிற சத்தம் கேட்டது. மேல்மாடி ஜன்னலிலிருந்து என் மகன் "நிறுத்து! நிறுத்து!" என்று அலறினான். திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தத் தகரச் சுவர் என் தோளைத் தொட்டது. இடித்தது என்று சொல்ல முடியாது. தொட்டது, சூடாக. அப்படியே நின்றது.

இறங்கி வந்தாள். என்னைப் பார்த்தாள், பேயைப் பார்க்கிற மாதிரி. அடிபட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டாளா? தூக்கிவிட்டாளா? சாவி கீழே விழுந்தது, அல்லது எறிந்தாள். உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணியில் பையோடு வெளியே வந்து, பஸ் பிடித்துப் போய்விட்டாள். என் மகன் பின்னாலேயே ஓடினான், அவள் நிற்கவில்லை.

நான் என்ன நினைக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். பட்டப்பகல். கண்ணுக்கு நேரே கேட்டு. அங்கே நான் தினமும் நிற்பேன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கோட்டை அழித்த கோபம் ஐந்து நாளாக முகத்தில் இருந்தது. பயமுறுத்தத்தான் செய்தாள் என்று என் மனசு சொல்கிறது. அதற்கு மேலும் ஏதாவது நினைத்தாளோ என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. யோசிக்காமலும் இருக்க முடியவில்லை. வேண்டுமென்றேதானா என்று அவளிடமே கேட்டுச் சொல்லுங்கள். வேண்டுமென்றே செய்திருந்தால் இந்த வீட்டுப் படியை அவள் மிதிக்க வேண்டாம். மகனிடமும் இதைத்தான் சொன்னேன். இரண்டு நாளாக அவன் என் கையால் சாப்பிடவில்லை, என்னோடு பேசவும் இல்லை.

சம்பந்தி

•

மார்ச் 14

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான் அவளிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவளை நான் இழந்திருப்பேன்.

அவள் வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். எனக்குத்தான் காது கேட்காது. ஆனால் கஞ்சி கொடுக்க அவளைத் திருப்பியபோது, அவள் திரும்பத் திரும்ப ஒரே வார்த்தையைச் சொல்வதை வாயசைவில் படித்துவிட்டேன். இத்தனை வருஷம் சலவைக்கூடத்தில் வாயைப் பார்த்தே பேசிப் பழகியவள் நான். அது உங்கள் வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தை. எழுதாமல் இருக்க முடியவில்லை, மன்னியுங்கள். "தெரியலம்மா. அத்தை தெரியல."

வண்டி வந்த முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மேலே உட்கார்ந்து பார்த்தால் அந்தப் பானட்டுக்கு முன்னால் நிற்கிற நீங்கள் கண்ணில் படவில்லை. உங்கள் தலைமுடி கூடத் தெரியவில்லையாம். பயந்துபோய் மாப்பிள்ளையிடம் சொன்னதைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். சந்தோஷத்தில் சொன்னது இல்லை அது. அவர் பழகிவிடும் என்று சொல்லிவிட்டார். இவளால் பழகிக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் கேட்டுக்கு வராதீர்கள் என்றாள். நீங்கள் கேட்கவில்லை என்றதும் ஹார்ன் அடித்தாள். கொஞ்சம் தள்ளி நின்றாலாவது பளிச்சென்று கண்ணில் படட்டும் என்று ஆரஞ்சுக் கோட்டு வாங்கினாள். கடைசியில், உங்கள் உயரத்துக்கு மாப்பிள்ளையைக் குனிந்து நடக்கவைத்து, எந்த இடம் வரை தலை தெரியாமல் போகிறது என்று அளந்து கோடு போட்டாள். அன்றைக்குக் காலையில் ஹார்ன் அடித்துவிட்டுப் பார்த்தாள். கேட் திறந்திருந்தது, முன்னால் யாரும் இல்லை. நீங்கள் நகர்ந்துவிட்டீர்கள் என்று நினைத்து வண்டியை எடுத்தாள்.

ஏன் இதை உங்களிடம் நேராகச் சொல்லவில்லை என்று கேட்டேன். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டாராம். "அம்மா காதுல அந்த வார்த்தைய மட்டும் போட்டுடாத. அப்பாவ இடிச்சவன் சொன்னது அது. நீ சொன்னா உன்னையும் அவன மாதிரிதான் பார்ப்பாங்க." இப்போது அதுதான் நடந்திருக்கிறது. அவள் உங்களைத் தூக்காமல் ஓடினது உண்மை. தொட்டால் ரத்தம் இருக்குமோ என்று பயந்து ஓடினாளாம்.

பெரிய வண்டி பிடித்திருக்கிறது என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உள்ளே இருந்தவள் பிழைத்தாள், ஆனால் எனக்குக் கிடைத்திருப்பது பாதிப் பெண்தான்.

வேண்டுமென்றே செய்தாளா என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளையைத் தூக்கிவிடச் சொல்லி அந்த சீட்டில் ஏறி உட்காருங்கள். உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதற்கப்புறம் இதையே கேட்கத் தோன்றினால் எனக்கு எழுத வேண்டாம். அவளை நான் அனுப்பவும் மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

•

மார்ச் 19

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உட்கார்ந்து பார்த்தேன்.

உங்கள் கடிதத்தை முதலில் நம்பவில்லை. மகளுக்காக ஒரு தாய் எதை வேண்டுமானாலும் எழுதுவாள், நானாக இருந்தாலும் எழுதுவேன் என்றுதான் நினைத்தேன். பொய்யைப் பிடித்துக் காட்டத்தான் ஏறினேன். மகன் ஒன்றும் கேட்காமல் தூக்கி உட்காரவைத்தான். மருந்துக்கடைக்காரர் பார்த்தார், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேலே இருந்து பார்த்தால் தெரு முழுக்க நம்முடையது மாதிரி இருக்கிறது. தூரத்தில் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அவள் ஏன் இந்த உயரத்தைப் பிடித்துக்கொண்டாள் என்று உட்கார்ந்ததும் புரிந்தது. ஜன்னலுக்கு நேரே சக்கரம் சுற்றுவதைப் பார்த்தவளுக்கு வேறு எங்கே உட்கார மனசு வரும்?

மகனை வண்டிக்கு முன்னால் போய் நிற்கச் சொன்னேன். அவன் அப்பா மாதிரி உயரம். தலையும் தோளும் தெரிந்தது. பார்த்தாயா, தெரிகிறதே என்று எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களிடம் மறைக்கவில்லை. அப்புறம் என்ன தோன்றியதோ, ஜன்னல் வழியாகக் கத்தினேன். "அப்பா செயின் மாட்டின மாதிரி உக்காருடா."

அவன் என்னைப் பார்த்தான். "வேணாம்மா" என்றான். "உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தான். சம்பந்தியம்மா, என் பிள்ளை இல்லை. வாசல் இருந்தது, கேட் இருந்தது, தெருவில் போகிறவர்கள் இருந்தார்கள். ஆறடிப் பிள்ளை இருந்த இடத்தில் வெறும் தரை கூட இல்லை, அந்தத் தகரம்தான் இருந்தது. வண்டி ஓடவில்லை, சாவி கூட அதில் இல்லை. இருந்தும் நான் போட்ட சத்தத்தில் மருந்துக்கடைக்காரர் தெருவைக் கடந்து ஓடிவந்துவிட்டார். மகன் எழுந்து நின்ற பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை. அவன் உள்ளே ஏறி என்னைக் கட்டிக்கொண்டான். "இருக்கேம்மா, இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவர் இறந்தபோது கூட நான் அப்படி அழவில்லை.

அந்த மாவு மில் ஆள் பொய் சொல்லவில்லை. இதை எழுதவே எனக்கு வெறுப்பாக இருக்கிறது. அவர் பொய்யர் என்ற நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் நான் நிமிர்ந்து நடந்தேன், கடை நடத்தினேன், பிள்ளையை வளர்த்தேன். இப்போது யாரைத் திட்டிக்கொண்டு காலையில் எழுந்திருப்பது? அவரை மன்னித்துவிட்டேன் என்று பெரிய மனுஷி மாதிரி எழுத எனக்கு வரவில்லை. நேற்று மில் பக்கம் போகும்போது தெருவைக் கடக்காமல் நேராகப் போனேன். அவர் என்னைப் பார்த்துச் சுவரோடு ஒதுங்கி நின்றார். நான் அவரைக் கடந்து போய்விட்டேன். இதற்கு மேல் இப்போதைக்கு என்னால் முடியாது.

என் மருமகளிடம் என்ன சொல்வது என்று மூன்று தாள் கிழித்துவிட்டேன். எனக்காகப் பயந்து, என்னிடமே பேச்சு வாங்கி, சொல்ல நினைத்ததைச் சொல்லவும் முடியாமல் அந்தப் பெண் இந்த வீட்டில் இருந்திருக்கிறாள். நான் அவளைக் கொலைகாரி என்றே நினைத்துவிட்டேன். இதை நான் நேரில்தான் சொல்ல வேண்டும், கடிதத்தில் சொல்லித் தப்பிக்கக்கூடாது. வண்டியை விற்கலாமா என்று மகன் கேட்டான். அவள் வந்து சொல்லட்டும் என்றேன். வைத்துக்கொள்வோம் என்றாலும் சரி, பஸ்ஸில் போவோம் என்றாலும் சரி, எனக்கு இனி வழக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அங்கே வருகிறேன். மகனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நான் மட்டும்தான். பஸ் நிறுத்தத்துக்கு யாரும் வர வேண்டாம், விசாரித்து நடந்து வந்துவிடுவேன். அவளிடம் நான் வருவதாக முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். வந்து கதவைத் தட்டுவேன். உங்களுக்குக் கேட்காது, தெரியும். கேட்டாலும் எழுந்து வராதீர்கள். அவள் வந்து திறக்கட்டும். உயிரோடு முழுசாக நான் அவள் கண்ணுக்கு நேரே நிற்பதை அவள் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி